இரண்டு வீட்டுச் சோறு: இளையோர் மிகுபுனைவில் கடமை, தியாகம், பிளவுபட்ட விசுவாசம் எழுதும் முறை

செய்ய வேண்டியதற்கும் திருப்பித் தர வேண்டியதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: கடன். சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்று வந்தால் அது நிலவரி. இளையோர் மிகுபுனைவு (பதின்வயதினருக்கான மாயக்கதை, ஃபேன்டஸி) எழுதுகிறவருக்கு இந்தச் சொல்லே பாதி பாடம். நாயகியின் கடமையை உயர்ந்த லட்சியமாக நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தால் கதை மேடைப் பேச்சாகிவிடும். யாரிடமோ வாங்கிச் சாப்பிட்டதற்கான பாக்கி என்று நினைத்து எழுதினால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தொகை, ஒரு கெடு, ஒரு கடன்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

புறநானூறு 312ஆம் பாட்டில் ஒரு தாய் ஊர்க் கடன்களை வரிசைப்படுத்துகிறாள். பெற்றுத் தருவது அவள் கடன், சான்றோன் ஆக்குவது தந்தை கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன், நன்னடை நல்குவது வேந்தன் கடன். கடைசியில், வாளோடு போருக்குள் புகுந்து யானையை வீழ்த்திவிட்டு வருவது காளையின் கடன். பெரியவர்கள் நால்வரும் தத்தம் வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். ஆபத்தான வேலை, வயதில் சின்னவனுக்கு. அந்தப் பட்டியலைப் போடும்போது அவனை யாரும் கேட்கவில்லை. இளையோர் நாவலின் மையக் கேள்வி இங்கேதான் பிறக்கிறது: இந்தக் கடனை இவள் வாங்கினாளா, அல்லது இவள் தலையில் எழுதினார்களா?

கீழே வரும் படிகள் 13 முதல் 18 வயது வரையிலான வாசகருக்கு எழுதும் ஒரே பாக நாவலுக்கானவை. அளவுக்கு 30 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,800 சொல், மொத்தம் 54,000 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கில இளையோர் நாவல்களின் சொல்லெண்ணிக்கையைப் பார்த்து 90,000 சொல்லுக்கு ஆசைப்பட வேண்டாம். விகுதிகள் ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. அங்கே பத்துச் சொல் எடுப்பது இங்கே ஆறேழில் அடங்கிவிடும்.

விளக்கத்துக்கு ஒரே கதையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரையை ஒட்டி மேல்மடை, தாழ்வில் கீழ்மடை. செவ்வந்திக்கு வயது 15. பிறந்தது கீழ்மடையில், நான்கு வயதில் வெள்ளத்தில் பெற்றோர் போனபின் வளர்ந்தது மேல்மடையில், பொன்னாத்தா வீட்டில். ஏரிக்குள் இருக்கும் ஏரிக்காரி என்னும் தெய்வத்தின் பேச்சு அவளுக்கு மட்டும் கேட்கும். ஏரி நிரம்பி வழிகிறது. மதகைத் திறந்தால் கீழ்மடைக்குள் தண்ணீர் புகும். திறக்காவிட்டால் கரை மேல்மடைப் பக்கம் உடையும்.

படி 1: கடன் கணக்கு

முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் ஒரு முழுத்தாளில் அட்டவணை போல ஐந்து பத்தி போடுங்கள். யாருக்குக் கடன்? எதற்காக? அவளாக ஏற்றதா, பிறர் சுமத்தியதா? திருப்பிக் கேட்கப்போவது யார்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இதில் இரண்டு பெரிய கடனும் ஒரு சின்னக் கடனும் இருக்க வேண்டும். சின்னக் கடனை யாரும் பொருட்படுத்துவதில்லை. கதையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான்.

கடன் வரும் வழிகள் நான்கு: பிறப்பு, சோறு, வாக்கு, அன்பு. இரண்டு பெரிய கடன்களும் வேறுவேறு வழியில் வந்தவையாக இருக்கட்டும். வாக்கும் வாக்கும் மோதினால் அது வக்கீல் வேலையாகிவிடும்; எந்த வாக்கு முந்தியது, எதில் எந்தச் சொல் இருந்தது என்று ஓட்டை தேடத் தொடங்குவீர்கள். அன்பும் அன்பும் மோதினால் முக்கோணக் காதல். பிறப்பும் சோறும் மோதும்போது அளக்க ஒரு பொதுப் படி கிடையாது. அதனால்தான் அது வலிக்கிறது. நம்மிடம் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று ஒரு தொடரே இருக்கிறது. கர்ணன் கதை இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் அவன் வீரமோ கொடையோ மட்டும் இல்லை. பெற்றவள் ஒரு பக்கம், உப்பிட்டவன் ஒரு பக்கம்.

செவ்வந்தியின் தாளில் பெரிய கடன்கள் இரண்டு: கீழ்மடைக்குப் பிறப்பால், மேல்மடைக்குச் சோற்றால். சின்னது, பொன்னாத்தாவின் மகன் மாரிக்கு. வயது ஏழு. நீச்சல் கற்றுத் தருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

படி 2: இரண்டு பக்கமும் நியாயம் வேண்டும்

புறநானூறு 45இல் புலவர் கோவூர் கிழார் உறையூர்க் கோட்டை முன் நின்று பேசுகிறார். உள்ளே நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்ட நலங்கிள்ளி. எதிரி சூடியிருப்பது சேரனின் பனம்பூவும் இல்லை, பாண்டியனின் வேப்பம்பூவும் இல்லை. உன் தலைமாலையும் சோழரின் ஆத்தி, உன்னோடு பொருகிறவன் தலைமாலையும் ஆத்தி. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். இருவரும் வெல்ல வழியில்லை என்றும் சொல்லிவிடுகிறார். வில்லனே இல்லாத போர்க்களம். உங்கள் நாவலின் நடுப்பகுதிக்குத் தேவைப்படுவது அதுதான்.

செய்முறை: ஒவ்வொரு ஊரின் மூத்தவரும் தம் வாயால் பேசுவதாக 400 சொல்லில் ஒரு பக்கம் எழுதுங்கள். இது நாவலில் வராது. மேல்மடைக்காரர், மூன்று வருட வறட்சியில் குடிக்கத் தண்ணீரில்லாமல் குழந்தைகள் செத்ததையும், அதனால்தான் உபரிநீர் வழியும் கலிங்கின் குத்துக்கற்களுக்கு நடுவே பலகை அடைத்து மண் அணைத்து நீர்மட்டத்தை உயர்த்தியதையும் சொல்லட்டும். கீழ்மடைக்காரர், பதினொரு வருடத்துக்கு முன் இதே பலகையால்தான் வெள்ளம் வந்தது என்றும், அதில் செத்தவர்களில் செவ்வந்தியின் அப்பனும் ஆத்தாளும் உண்டு என்றும் சொல்லட்டும். இரண்டு பக்கத்தையும் கதை தெரியாத பத்துப் பேரிடம் கொடுத்து யார் பக்கம் என்று கேளுங்கள். ஆறுக்கு நான்கு என்று பிரிந்தால் மேலே போகலாம். ஒன்பதுக்கு ஒன்று என்றால் எழுத உட்கார வேண்டாம், திரும்பவும் தாளுக்குப் போங்கள்.

பிரதிகளில் அடிக்கடி சறுக்கும் இடமும் இதுதான். முக்கால்வாசி வரை இரண்டு பக்கமும் சமமாக வரும். பிறகு எழுதுபவருக்குப் பயம் வந்துவிடும். ஒரு வீட்டின் பெரியவர் திடீரென்று கொலைகாரர் என்று தெரியவரும், நாயகி நிம்மதியாக மறுபக்கம் போய்விடுவாள். அதைத் திருப்பம் என்று எழுதியவர் நினைப்பார். உண்மையில் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்யும் எதுவும் தியாகம் ஆகாது. ஒரு பக்கம் தவறு செய்திருக்கலாம், பலகை அடைத்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கும் நியாயமான காரணம் இருக்க வேண்டும், அது வாசகருக்கு முதல் பாதியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: வாசகருக்கும் சோறு போடுங்கள்

‘வளர்த்த ஊர்’ என்று எழுதிவிட்டால் வாசகருக்குப் பாசம் வந்துவிடாது. அவர் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்க வேண்டும். முதல் 10 அத்தியாயங்களுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று காட்சி ஒதுக்குங்கள்: ஒரு சாப்பாடு, ஒரு சண்டை, யாரும் கேட்காமல் செய்த ஒரு சின்ன உபகாரம். சண்டையை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைப்பவர்கள் அதிகம். சண்டை போடாத வீடு விருந்தினர் வீடுதான்.

ஆறு காட்சிகளையும் சமமாகப் பங்கிட முடியாது. வளர்த்த வீடு கதையில் முன்னமே இருக்கும், பிறந்த வீடு சற்றுத் தாமதமாகத்தான் வரும். அப்படியானால் பிறந்த வீட்டுக் காட்சிகளின் செறிவைக் கூட்டுங்கள். கீழ்மடையில் அப்பத்தா, பேத்தியின் பிறந்தநாள்தோறும் விதைநெல்லில் ஒரு பிடி தனியாக எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வந்திருக்கிறாள். பதினொரு பிடி. செவ்வந்தி அதில் கையை விட்டுப் பார்க்கிறாள். மேல்மடையில் ஐந்து பக்கம் எடுத்ததை இது அரைப் பக்கத்தில் ஈடுகட்டிவிடும்.

படி 4: மந்திரத்தின் விலை

மிகுபுனைவுக்கு இருக்கும் பெரிய வசதி, உள்ளத்தில் நடக்கும் இழப்பை உடம்பில் காட்ட முடிவதுதான். அந்த வசதி கெடாமலிருக்க விலைக்கு மூன்று நிபந்தனைகள். வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். போனது திரும்பக் கூடாது.

‘மந்திரம் போட்டால் களைத்துப் போவாள்’ என்பது விலையே இல்லை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ‘ஆயுள் குறையும்’ என்பதும் வலுவற்றது. பதினைந்து வயதுக்காரிக்கு எழுபதாவது வயதில் குறையும் ஐந்து வருடம் ஒரு பொருட்டா? வாசகரும் அதே வயதுதான். விலை இன்றைக்கே தெரிய வேண்டும்.

நம் கதையில் விதி இது: செவ்வந்தி மதகுக்குள் இறங்கும் ஒவ்வொரு முறையும், அன்று அவள் கடைசியாகக் கேட்டு மகிழ்ந்த ஒலியை ஏரிக்காரி எடுத்துக்கொள்வாள். பிறகு அந்த ஒலி மட்டும் அவளுக்குக் கேட்காது. மொத்தம் ஐந்து முறை. 4ஆம் அத்தியாயத்தில் சில்வண்டு. அவளுக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிகிறது. 9இல் அவள் கொலுசு. 15இல் மழை. மழை பெய்வதைப் பார்க்கிறாள், சத்தமில்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது சின்ன இழப்பில்லை. 21இல் அப்பத்தாவின் தாலாட்டு, அதைக் கேட்கக் கிடைத்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில். ஐந்தாவது 26ஆம் அத்தியாயத்துக்கு.

விதியில் ஒரு சந்து இருப்பதைக் கவனியுங்கள். அவள் மகிழாமல் இருந்துவிட்டால் இழப்பைக் குறைக்கலாம். எனவே 15க்குப் பிறகு காதைப் பொத்திக்கொண்டு, யாரோடும் சிரிக்காமல், வேண்டுமென்றே கடுகடுவென்று திரியத் தொடங்குகிறாள். விலை அவள் குணத்தையே மாற்றுகிறது. விலைவிதி நன்றாக அமைந்தால் காட்சிகள் தாமாக வந்து விழும். அமையாவிட்டால் ஒவ்வொரு காட்சியையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

விலையை மூன்று முறைக்குக் குறைவாக வாங்கினால் வாசகருக்குப் பழகாது. ஏழுக்கு மேல் போனால் மரத்துப்போகும்.

படி 5: மூன்றாம் வழிகளை அடைப்பது

உங்கள் வாசகர் கெட்டிக்காரர். ‘ஊரைக் காலி செய்யச் சொல்லலாமே?’, ‘பலகையைப் பிடுங்கலாமே?’, ‘பெரியவர் யாராவது முங்கலாமே?’ என்று கேட்பார். இந்தக் கேள்விகளை நீங்களே பட்டியலிடுங்கள், பத்தாவது தேறும். ஒவ்வொன்றையும் க்ளைமாக்ஸுக்கு முன்பே ஒரு காட்சியில் அடைத்துவிட வேண்டும். க்ளைமாக்ஸில் ஒருவர் நின்று விளக்கினால் அது சாக்குப்போக்கு மாதிரி ஒலிக்கும்.

பெரியவர்கள் ஏன் முங்கக்கூடாது என்பது இளையோர் நாவலின் நிரந்தரத் தலைவலி. ‘அவள் தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ என்று தீர்க்கதரிசனத்தைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். அதில் அவள் விருப்பத்துக்கு இடமில்லை. பொருளோடு சேர்ந்த காரணம் தேடுங்கள். நம் ஏரிகளில் இருக்கும் குமிழித் தூம்பு இதற்கு நன்றாக உதவும். ஏரித்தரையில் ஒரு கல்தொட்டி, மேலே தண்ணீர் இறங்க நீரோடித் துளை, கீழே வண்டல் வெளியேறச் சேறோடித் துளை, துளையை மூடும் கல், அதை ஆள் முங்கித் தூக்க வேண்டும். கதைக்காக ஒரு மாற்றம் செய்துகொள்ளலாம்: தூண் சரிந்து, இடுக்கில் சிறிய தோள் மட்டுமே நுழையும். முடிந்தது. எந்தச் சோதிடமும் வேண்டாம்.

அடைப்புகளில் மிக வலுவானது அவளுடைய பிளவே ஒரு வழியை மூடுவது. கீழ்மடையைக் காலி செய்யச் சொல்லி அவளே ஓடுகிறாள். அவர்கள் நம்புவதில்லை, மேல்மடைச் சோறு தின்றவள், அறுப்புக்கு முன் நிலத்தை விட்டு எங்களை ஓட்டப் பார்க்கிறாள் என்கிறார்கள். போன அத்தியாயத்தில் அவள் சொன்ன ஒரு பொய்யும் அங்கே அவிழ்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவளை இரண்டு கரையும் நம்பாது.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து பிழைக்க வந்த இடத்தில் உயிரைப் பணயம் வைத்துக் காவல் செய்வதாக உறுதியெடுத்த வேளைக்காரப் படையினர் 11ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவையில் மன்னன் முதலாம் விஜயபாகுவிடம் சேவகம் பார்த்தார்கள். சோழர்மீது படையெடுக்க மன்னன் ஆணையிட்டபோது அவர்கள் கலகம் செய்து தளபதிகளைக் கொன்றார்கள் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். கலகம் கடுமையாக அடக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், அதே பொலன்னறுவையில், புத்தரின் பல் வைத்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. மிகுபுனைவு எழுதுகிறவருக்கு அந்த இடைப்பட்ட காலம் ஒரு புதையல். கலகம் செய்த படையை மீண்டும் நம்பியவர்கள் எப்படி நம்பினார்கள்?

படி 6: மூன்று பொய்கள்

இரண்டு பக்கம் கடன்பட்டவள் நடுவில் நின்று அழுதுகொண்டிருக்க மாட்டாள். மறைப்பாள். விசுவாசப் பிளவு வெளியே தெரிவது பொய்யாகத்தான். நடுப்பகுதிக்கு மூன்று போதும்: முதலில் ஒரு மௌனம், பிறகு ஒரு பாதி உண்மை, கடைசியில் ஒரு முழுப் பொய். இரண்டு வீட்டுக்கும் பங்கு போக வேண்டும்.

கண்டுபிடிப்பவர் யார் என்பதில்தான் திறமை இருக்கிறது. எதிரி கண்டுபிடித்தால் சாகசம். அன்புள்ளவர் கண்டுபிடித்தால் கதை. வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

“நீ எங்களை ஏமாற்றிவிட்டாய் செவ்வந்தி! உன்னை என் மகளாக நினைத்தேனே! உனக்கு எந்த ஊர் முக்கியம், சொல்!”

இதையே இப்படி எழுதலாம்:

பொன்னாத்தா சோற்றைப் பிசைந்து உருண்டையாக அவள் கையில் வைத்தாள்.

“எங்க தாயி போயிட்டு வந்தே?”

“மாட்டைத் தேடிப் போனேன் சின்னம்மா.”

“மாடு அப்பவே வந்துடுச்சே.” அடுத்த உருண்டையைப் பிசைந்தாள். “மோர் ஊத்தட்டுமா?”

பொன்னாத்தாவுக்குத் தெரியும் என்பது வாசகருக்கும் தெரியும், செவ்வந்திக்கும் தெரியும். கையில் இருக்கும் சோற்றை அவள் சாப்பிட்டாக வேண்டும். குற்றஞ்சாட்டும் வசனம் ஒன்றுகூட இல்லாததால் அவளுக்குப் பதில் சொல்லவும் வழியில்லை.

இதே அளவோடு, முழு வரைவும் முடிந்ததும் கணினியில் ‘தியாகம்’, ‘கடமை’, ‘விசுவாசம்’, ‘துரோகம்’ ஆகிய நான்கு சொற்களையும் தேடிப் பாருங்கள். 54,000 சொல்லில் நான்கும் சேர்ந்து பத்து முறைக்கு மேல் வந்தால், வந்த இடங்களிலெல்லாம் பாத்திரம் பேச வேண்டியதை ஆசிரியர் பேசிவிட்டார் என்று பொருள்.

படி 7: முடிவெடுக்கும் காட்சி

இதற்கு ஓர் அத்தியாயம் முழுவதும் கொடுங்கள். 1,800 சொல்லில் முதல் 1,200 முடிவுக்கு முன்பும், 200 செயலுக்கும், மீதி உடனடி விளைவுக்கும். செயல் குறுகியதாக இருப்பதுதான் முறை. மூச்சடக்கி முங்கும் நேரத்துக்கு மேல் போகக்கூடாது.

நான்கு பொருத்தம் பார்க்க வேண்டும். யாரும் அவளுக்கு ஆணையிடக் கூடாது. தப்பிக்கும் வழி ஒன்று உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும், அவள் அதைப் பார்த்திருக்கவும் வேண்டும். இழப்பு என்ன என்பது செய்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோற்கப்போகும் பக்கத்தைச் சேர்ந்த ஒருவரோ, இழக்கப்போகும் பொருளோ, அங்கேயே இருக்க வேண்டும்.

செவ்வந்தி அன்று காலையிலிருந்து பஞ்சைத் திரித்துக் காதில் அடைத்திருக்கிறாள். மாரியை வேண்டுமென்றே திட்டி விரட்டியிருக்கிறாள். கடைசியாகக் கேட்டு மகிழ்ந்தது எதுவுமே இல்லாமல் இறங்கிவிடலாம் என்பது கணக்கு. கரையில் நின்று பஞ்சை எடுக்கிறாள், தண்ணீருக்குள் ஏரிக்காரியின் பேச்சு கேட்க வேண்டுமே என்பதற்காக. அப்போது பின்னாலிருந்து, நீச்சல் கற்றுத் தர அவள் கிளம்பிவிட்டாள் என்று நினைத்து ஓடிவந்த மாரி, “அக்கா!” என்று கூப்பிடுகிறான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இப்போது இறங்கினால் போவது அந்தக் குரல்.

தாளில் யாரும் பொருட்படுத்தாத சின்னக் கடன் இங்கே பெரிய கடன்களோடு சமமாக வந்து நிற்கிறது. அவள் இறங்காமல் திரும்பலாம், கரை உடைய இன்னும் சற்று நேரம் இருக்கிறது, மாரியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிடலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது. எந்தக் காரணத்தையும் அவள் வாயால் சொல்ல வேண்டாம். “தள்ளி நில்லு” என்றால் போதும்.

கம்பனின் கும்பகருணன் இந்தப் பொருத்தங்களுக்கெல்லாம் உரைகல். விபீடணன் போர்க்களத்துக்கே வந்து இராமனிடம் வரும்படி அழைக்கிறான், வழி திறந்திருக்கிறது. எந்தப் பக்கம் வெல்லும், எது அறம் என்பதும் கும்பகருணனுக்குத் தெரியும். நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தம்பியை மட்டும் இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். ஒரே வீட்டுச் சோறு தின்ற இருவர், இரண்டு முடிவு, இரண்டுக்கும் கவி இடம் கொடுத்திருக்கிறார். உங்கள் துணைப்பாத்திரம் ஒருவரை நாயகிக்கு நேரெதிர் முடிவெடுக்க வைத்து, அவரையும் மதிப்போடு நடத்திப் பாருங்கள்.

சாவு பற்றி ஒரு நிறுத்தம்

தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் நவகண்டச் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. ஏரிக்கரை நிற்பதற்காகப் பெண்ணைப் பலி கொடுத்ததாகவும், பலியானவளே பிறகு அந்தக் கரையில் தெய்வமாக நின்றதாகவும் சொல்லும் வாய்மொழிக் கதைகளும் உண்டு. இவை கையில் இருக்கும்போது எடுத்தாளும் ஆசை வரும். எடுத்தாளலாம், ஆனால் அப்படியே வணங்கிவிடாமல். அந்தக் கதைகளில் பலிக்கு யார் வீட்டுப் பிள்ளையைத் தேர்ந்தார்கள், யார் தேர்ந்தார்கள், கரை நின்றதால் யார் நிலம் விளைந்தது என்று நாயகி ஒரு முறையாவது கேட்க வேண்டும். ஏரிக்காரியும் ஒரு காலத்தில் அப்படிக் கொடுக்கப்பட்டவள்தான் என்று வைத்தால் இந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே ஆள் கிடைத்துவிடும்.

வாசகரின் வயதை நினைத்து இன்னொரு வரம்பு. நாயகி தன்னை ஒரு சுமையாக நினைத்து, தான் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று முடிவெடுப்பதாக எழுதக்கூடாது. அது தியாகத்தின் வேடத்தில் வரும் வேறொன்று. அந்த வயதில் அந்த எண்ணம் வாசகருக்குள்ளும் இருக்கக்கூடும். தியாகம் செய்கிறவளுக்கு வாழ ஆசை இருக்க வேண்டும், நாளைக்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டும். அவளை உயிரோடு வைத்து, அவள் கொடுத்ததோடு வாழவிடுவது பெரும்பாலும் வலுவான கதை. செத்தவளுக்கு ஒரு சிலை போதும். உயிரோடிருப்பவளுக்கு மறுநாள் காலை வந்துவிடும்.

நாயகிக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் குருவோ தாத்தாவோ பாய்ந்து செத்துப்போவது பழைய தந்திரம். அப்படிச் செய்தால் கடனை அடைத்தவர் வேறொருவர், பாராட்டு மட்டும் அவளுக்கு. வாசகர் அழுவார், பிறகு ஏமாந்ததாக உணர்வார்.

படி 8: அதற்குப் பிறகு

26இல் முடிவு என்றால் நான்கு அத்தியாயம் மீதியிருக்கிறது. பல பிரதிகளில் இந்த இடத்தில் ஒரே ஒரு விழாக் காட்சியும் ஒரு பட்டாபிஷேகமும்தான் இருக்கும். நான்கையும் செலவழியுங்கள். தோற்ற வீடு உடனே மன்னிக்கக் கூடாது. கீழ்மடையில் உயிர்கள் தப்பின, ஆனால் அறுப்புக்கு நின்ற பயிர் அத்தனையும் போய்விட்டது. அப்பத்தா வாசலில் நின்று பேத்தியை உள்ளே கூப்பிடவில்லை. விதைநெல் கலயம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், அது படி 3இல் வாங்கிய கைமாற்று. வென்ற வீட்டுக்கும் ஒரு பில் வர வேண்டும்: கலிங்குப் பலகையைப் பொன்னாத்தா வீட்டுக்காரர்களே எல்லார் முன்னாலும் பிடுங்க வேண்டியிருக்கும்.

போன ஒலி எதுவும் திரும்பாது. ‘அன்பின் வலிமையால்’ மாரியின் குரல் கடைசிப் பக்கத்தில் கேட்டுவிட்டால், முந்தைய 29 அத்தியாயமும் செல்லாக்காசு. அதற்குப் பதிலாக இருவரும் வேறு வழி கண்டுபிடிக்கட்டும்: மாரி அவள் முதுகில் தட்டிக் கூப்பிடுகிறான், பேசும்போது அவள் அவன் வாயைப் பார்க்கிறாள்.

திருத்தும்போது

முதல் வரைவை இரண்டு வாரமாவது மூடி வையுங்கள். பிறகு முழுதாகப் படிக்காமல் துண்டுதுண்டாகப் படியுங்கள். மேல்மடைக் காட்சிகளை மட்டும் வரிசையாக. அடுத்த நாள் கீழ்மடைக் காட்சிகளை மட்டும். எந்த ஊர் 8 அத்தியாயத்துக்கு மேல் கண்ணில் படாமல் போயிருக்கிறது என்று இதில்தான் தெரியும். போயிருந்தால் அந்த ஊரின் கடன் ஆறிவிட்டது. நடுவில் ஒரு பக்கக் காட்சி வையுங்கள், ஒரு ஆள் வந்து செய்தி சொல்வதாகவாவது.

அடுத்து, விலை வாங்கிய ஐந்து இடங்களையும் குறித்துக்கொண்டு, அதற்குப் பின்வரும் அத்தியாயங்களில் இழந்த ஒலி தவறிக் கேட்டுவிடுகிறதா என்று பாருங்கள். 15க்குப் பிறகு எங்காவது ‘மழை சோவென்று கொட்டியது’ என்று கை தானாக எழுதியிருக்கும். செவ்வந்தியின் காதுவழி வரும் கதையில் அது பிழை. இந்தப் பிழை கிட்டத்தட்ட எல்லா வரைவிலும் இருக்கும், ஆசிரியரைத் தவிர எல்லார் கண்ணிலும் படும்.

பிறகு 14 முதல் 17 வயதுக்குள் ஐந்து பேரிடம் கொடுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பார்கள். 25ஆம் அத்தியாயத்தோடு பிரதியை நிறுத்திக் கொடுத்து, ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஐவரும் ஒரே பதில் எழுதினால் படி 2 பழுது. நீங்கள் யோசிக்காத தப்பும் வழியை யாராவது எழுதினால் படி 5 பழுது. அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த வழியை அடையுங்கள். யாராவது ‘அவளை ஏன் எல்லாரும் இதைச் செய்யச் சொல்கிறார்கள்?’ என்று கோபப்பட்டு எழுதியிருந்தால் அந்த வரியைப் பத்திரப்படுத்துங்கள். நாவலில் மாரி கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால், முதல் பாகத்தின் முடிவில் எல்லாக் கடனையும் தீர்த்துவிட வேண்டாம். ஒன்றை மட்டும் பாக்கி வையுங்கள், அதுவும் நாயகி வாங்கியதாக இல்லாமல் நாயகிக்கு வர வேண்டியதாக. ஐந்து ஒலியை வாங்கிக்கொண்ட ஏரிக்காரி, பதிலுக்கு இன்னும் எதுவும் தரவில்லை.